முதல் பத்து நாள் புள்ளிகள்

உட்கார்ந்த இடத்தில் கரடியோடு நடப்பதுதான் என் உத்தியோகம். காட்டில் ஒரு பெட்டைக் கரடியின் கழுத்தில் பட்டை கட்டி விட்டிருக்கிறோம். அரை மணிக்கு ஒரு தரம் அது தான் இருக்கும் இடத்தைச் சொல்லும். என் திரையில் ஓர் ஆரஞ்சுப் புள்ளி விழும். புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் அவள் நடந்த வழி. அலுவலகத்தில் எனக்குப் புள்ளிக்காரி என்று பெயர். சொல்லிவிட்டுப் போகட்டும்.

மதியத்தில் மின்விசிறி சுற்றச் சுற்ற நான் பாதிக் கண்ணை மூடிக்கொள்வேன். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே என்ன நடந்தது என்று எந்த இயந்திரமும் சொல்லாது. அதை நான் பார்த்துக்கொள்வேன். ஈர இலைகள் காலில் ஒட்டும். அவள் கரையான் புற்றைத் தோண்டினால் என் விரல் நுனி குறுகுறுக்கும். அவள் நிழலில் படுத்தால் எனக்கும் கொட்டாவி வரும். பக்கத்து மேஜைக்காரர் இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் அலுவலகத்துக்குத் திரும்பி வருவேன். ஆவணங்களில் அவள் நான்காம் எண். எனக்கு அம்மணி.

இப்படியே ஒரு வருஷம் போனது. அம்மணி நடமாடும் காட்டுக்குக் கிழக்கே ஓர் ஓடை. அதைத் தாண்டினால் அத்திமரக் காடு. அங்கே கல் உடைக்க ஒரு குவாரிக்காரர் அனுமதி கேட்டிருந்தார். இயக்குநர் என் வரைபடத்தைச் சுவரில் மாட்டிப் பார்த்தார். மேற்கே முழுக்க ஆரஞ்சு. கிழக்கே வெள்ளைத் தாள்.

"கிழக்க ஒரு புள்ளிகூட இல்லையேம்மா. அப்ப கரடி அந்தப் பக்கம் போறதில்ல. இருபத்தெட்டாம் தேதிக்குள்ள ஆட்சேபணை இல்லைன்னு எழுதி அனுப்பிடலாம்" என்றார்.

நானும் தலையாட்டினேன். வரைந்தவள் நான்தானே.

எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. மிருகத்தைப் பிடித்து, மயக்கி, பட்டை கட்டி விட்ட பிறகு முதல் பத்து நாள் புள்ளிகளை நீக்கிவிட வேண்டும். அந்த நாட்களில் அது தன் இயல்பில் இருக்காது, கணக்கைக் கெடுத்துவிடும் என்பார்கள். நான் ஒரு தரமும் மீறியதில்லை. எத்தனை புள்ளிகள் நீக்கினோம் என்று அறிக்கையில் ஒரு வரி எழுத வேண்டியிருந்ததால் நீக்கியவற்றின் கோப்பைத் திறந்தேன்.

முதல் ஏழு புள்ளிகளும் கிழக்குக் கரையில், அத்திமரங்களுக்கு நடுவே குவிந்து கிடந்தன. கூண்டு வைத்துப் பிடித்த இடம் அது. மயக்கம் தெளியும்வரை அங்கேயே கிடந்திருக்கிறாள். அடுத்த புள்ளி ஓடைக்கு மேற்கே வெகு தூரத்தில். ஓட்டமாய் ஓடியிருக்கிறாள். மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரத்தில் திரும்பி வந்து, ஓடையின் மேற்குக் கரையில் நின்றாள். ஒரே இடத்தில் நான்கு புள்ளிகள். முழுதாக ஒன்றரை மணி நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாள். நான்காம் நாளும் அப்படியே. ஐந்தாம் நாளும். ஒன்பதாம் நாள்வரை ஒரு மாலைகூடத் தவறவில்லை. பத்தாம் நாள் வரவில்லை. பதினோராம் நாளில்தான் என் வரைபடம் தொடங்குகிறது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் வெறுத்த இடம் இல்லை அது. நாங்கள் அவளிடமிருந்து பறித்த இடம். பறித்ததும் இல்லாமல், கிழக்கே அவளுக்கு வேலையே இல்லை என்று படமும் போட்டு வைத்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் அக்காவிடம் சொன்னேன். என் அக்காதான் எங்கள் அலுவலகத்தின் மிருக வைத்தியர். அம்மணிக்கு ஊசி போட்டவளும் அவளே. துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையிலிருந்த சட்டையை வீசினாள்.

"இருபது வருஷ சர்வீஸ்ல என் கையில ஒண்ணாவது செத்திருக்கா? காயம் பட்டிருக்கா? நீ கம்ப்யூட்டர் முன்னாடி தூங்கிட்டு எனக்குப் பாடம் எடுக்கறியா?"

"தான் பிடிச்ச முயலுக்கு மூணு காலுன்னு நிக்காதக்கா. அவ ஏழு நாள் வந்து நின்னுருக்கா."

அத்தான் பேருந்து ஓட்டுநர். பொதுவாக எங்கள் சண்டைக்குள் வண்டியை விடமாட்டார். அன்று என்னவோ விட்டார். "சூடு கண்ட பூனை அடுப்பங்கரை போகுமா? இதுக்கு ஆராய்ச்சி வேறயா உங்களுக்கு?"

அக்கா பதில் சொல்லவில்லை. அக்காவின் வாய் தூக்கத்தில்கூட ஓயாது. அவள் பேசாமல் இருந்தது எனக்குப் பயமாக இருந்தது. சட்டையை எடுத்துத் திரும்ப மடித்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"கண்ணைத் துணியால கட்டிடுவேன். காதை ஒண்ணும் பண்றதில்ல. மயக்கத்துலயும் அதுங்களுக்குக் காது கேக்கும். அங்க பேசக் கூடாதுன்னு எல்லாருக்கும் நான்தான் சொல்லிக் குடுப்பேன். ஆனா நான் பேசுவேன்."

"என்ன பேசுவ?"

"இவகிட்டயும் பேசிட்டே இருந்தேன். ஏண்டி இந்தக் கனம் கனக்கறே, பயப்படாதடி, இதோ முடிஞ்சிருச்சுன்னு. தைரியம் சொல்றதா நினைச்சுக்கிட்டேன்." கையில் இருந்த துணியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அவ இந்தக் கரையில நின்னு, அக்கரையில இன்னும் என் குரல் கேக்குதான்னுதான் பாத்திருப்பா, இல்ல?"

நானும் ஒரு துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

மறுநாள் இயக்குநர் அறையில் அக்காவே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டாக்டர், நீங்க சொல்றத நான் நம்பறேன். ஆனா நம்பிக்கைய வச்சு ஆட்சேபணை எழுத முடியாது. கரடி ஓடையத் தாண்டுதுன்னு ஒரு தடயம் வேணும். இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு. அத்தி பழுத்திருக்கு. கிழக்க போய் கேமரா கட்டுங்க."

"நாங்க போனா எங்க வாசனை அங்க நிக்கும் சார். அவ வரவே மாட்டா. அந்தக் கரையில யாரும் காலே வைக்கக் கூடாது. முதல்ல பட்டையக் கழட்டணும். அது கழுத்துல இருக்கறவரைக்கும் அந்த நாள் அவளுக்கு மறக்காது."

பட்டை தானாகக் கழன்று விழ ஒரு பொத்தான் உண்டு. அது என் மேஜையில்தான். அழுத்தினால் அவளோடு என் நடை அன்றோடு முடிந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அரை நாள் தள்ளிப்போட்டேன். கடைசியாக ஒரு மதியம் அவளோடு படுத்துக் கிடந்தேன். பிறகு அழுத்தினேன். புள்ளி ஒரே இடத்தில் நின்றுவிட்டது. அங்கே பட்டை கிடக்கிறது. அவள் எங்கே என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

மறுநாளிலிருந்து அக்காவும் நானும் ஓடைக்கு மேற்கே, அவள் ஏழு மாலை வந்து நின்ற இடம் தெரிகிற ஒரு மேட்டுப் பாறைக்குப் பின்னால் போய்ப் படுத்தோம். காற்று அவள் வரும் திக்கிலிருந்து எங்களை நோக்கி வீசும் இடமாகப் பார்த்து அக்கா தேர்ந்தெடுத்தாள். ஜீப்பை விட்டு இறங்கியதும் வாயை மூடிவிடுவாள். திரும்பி ஏறும்வரை ஒரு சொல் வராது. வெளிச்சம் மஞ்சளாகும், சிவப்பாகும், தண்ணீரில் இறங்கும். அக்கரையில் அத்திப்பழம் விழும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்கும். ஒரு நாள், இரண்டு நாள், எட்டு நாள். சில நேரம் நான் விழித்திருக்கிறேனா, அலுவலகத்தில் மேஜைமேல் சாய்ந்திருக்கிறேனா என்றே தெரியாமல் போகும்.

ஒன்பதாம் மாலை அவள் வந்தாள்.

ஒரு வருஷம் கூடவே நடந்தவளை அன்றுதான் முதல்முறை பார்க்கிறேன். நான் நினைத்ததைவிடச் சின்னவள். கழுத்தைச் சுற்றிப் பட்டை இருந்த இடத்தில் மயிர் தேய்ந்து வழுக்கையாகியிருந்தது. தண்ணீர் ஓரம் வந்து நின்றாள். மூக்கைத் தூக்கினாள். காதுகள் முன்னால் திரும்பின. நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். என் கையில் கேமரா. ஒரு படம் போதும், குவாரி தொலையும். ஆனால் கேமராவின் சத்தம்? அக்காவைப் பார்த்தேன். அவள் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்தியிருந்தாள். விரல்களின்மேல் கண்ணீர் வழிந்தது. வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தாள்.

நான் கேமராவைக் கீழே வைத்தேன்.

அம்மணி ஒரு காலைத் தண்ணீரில் வைத்து எடுத்தாள். மறுபடி வைத்தாள். பிறகு இறங்கிவிட்டாள். அக்கரை ஏறி உடம்பை உதறிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் மரங்களுக்குள் போனாள். நாங்கள் இருட்டும்முன் பின்பக்கமாகவே தவழ்ந்து வந்துவிட்டோம்.

மறுநாள் காலை மேற்குக் கரைச் சேற்றில் அவள் தடங்களைப் படம் எடுத்தோம். தண்ணீருக்குள் இறங்கிய தடம் தெளிவாக இருந்தது. கரை நெடுகத் தேடியும் திரும்பி வந்த தடம் ஒன்றுகூட இல்லை. அன்று மத்தியானமே இயக்குநர் ஆட்சேபணையை எழுதிக் கையெழுத்துப் போட்டார். கீழே, 'கரடி ஒரு வருடம் கிழக்கே வராததற்குக் காரணம், அதை நான் அங்கே பிடித்தது' என்று அக்கா தன் கையால் எழுதிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போதும் அவள் பேசவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, இது தெரு. இங்க பேசலாம்" என்றேன்.

"மன்னிச்சிருப்பாளாடி?"

"அவளுக்கு அதெல்லாம் தெரியாதுக்கா. பயம் போயிருக்கும், அவ்வளவுதான்."

"அது போதும்" என்றாள் அக்கா. அதையும் அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.