பாவாடையின் டிசம்பர் பூக்கள்

பெஞ்சு போட இடம் போதவில்லை என்று ஆண்கள் வேலியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். இலந்தை முள்ளை வெட்டிவந்து பாவாடை தன் கையாலேயே கட்டிய வேலி. ஆடு, கோழி, தெருப்பிள்ளைகள் யாரும் உள்ளே கால் வைக்க முடியாது. ஒருவன் கடப்பாரையைக் கொடுத்து நெம்பியதும் ஒரு பக்கம் மொத்தமாகச் சாய்ந்தது. வீட்டுக்குள் செத்துக் கிடந்த புருஷன் பாவாடையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சாலம்மாள் அந்தச் சத்தத்துக்குத் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அவளையறியாமல் அவன் முகத்தைத்தான் பார்த்தாள். அவன் எழுந்திருக்கவில்லை.

முந்தின நாள் கரும்பு வெட்டிவிட்டு வந்தவன், நெஞ்சை அடைக்கிறது என்று சுருண்டு படுத்தான். அவள் வெந்நீர் வைத்துக் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வேலிக்குள் இருந்தவை டிசம்பர் பூச்செடிகள். மார்கழி பிறந்ததும் பூக்கத் தொடங்கினால், கல்வராயன் மலையிலிருந்து பனி இறங்குகிற நாளெல்லாம் பூத்துக்கொண்டே இருக்கும். ஊரில் மற்ற வீடுகளில் ஊதா மட்டும்தான். பாவாடையிடம் வெள்ளை இருந்தது. சின்னசேலத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸ் ஒன்றில் குழி வெட்டப் போனபோது கெஞ்சி வாங்கிவந்த ரோஸ் நிறம் இருந்தது. வெள்ளையில் ஊதாக் கோடு ஓடுவது ஒன்று, முள்ளோடு பூக்கிற மஞ்சள் ஒன்று. வெள்ளிமலைக்குக் கடுக்காய் மூட்டை ஏற்றப் போனவன் ஈரத்துண்டில் சுற்றி மடியில் வைத்துக் கொண்டுவந்த வெளிர்நீலம் ஒன்று. விடிகாலையில் கரும்புக் கொல்லைக்குக் கிளம்புமுன் ஒவ்வொரு செடிக்கு முன்னாலும் போய்க் குந்துவான். பற்றவைக்காத பீடி வாயில் இருக்கும். புதிதாக மலர்ந்த பூவை விரல்நுனியால் நிமிர்த்திப் பார்ப்பான். அந்தப் பார்வை தன் பக்கம் திரும்பி சாலம்மாள் ஒருநாளும் கண்டதில்லை.

ஒரு பூவைப் பறிக்க விடமாட்டான். கல்யாணமான புதிதில், மாட்டுப்பொங்கல் அன்று ஆசையாகப் பறித்துக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டாள். அவன் திட்டவில்லை. இரண்டு நாள் அவள் கையால் சோறு வாங்கவில்லை. அதற்குப் பிறகு அவள் வைத்ததெல்லாம் காசு கொடுத்து வாங்கிய கனகாம்பரம்தான். மகள் காசியம்மாள் அவ்வளவு லேசாகத் தப்பவில்லை. இரண்டாங்கிளாஸ் படிக்கையில், டீச்சருக்கென்று ரோஸ் பூவில் நாலைந்தைப் பறித்துவிட்டாள். புளிய மிலாறை ஒடித்து அடித்தான். தடுக்கப் போன சாலம்மாளுக்கும் விழுந்தது. குழந்தையின் காலில் ரத்தம் கோடு கோடாக நின்றது. அவனோ பூப்போன காம்பைத் தடவிக்கொண்டிருந்தான்.

அந்தக் காசியம்மாள் திருக்கோவிலூர் பஸ்ஸில் வந்து இறங்கியபோது வெயில் ஏறிவிட்டது. மற்றவர்களைப் போலத் தெருமுனையிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு வரவில்லை. நேராக வந்து அப்பனின் காலைத் தொட்டுவிட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எதுனா சாப்ட்டியாம்மா?"

"இன்னாத்த சாப்டறது."

காசியம்மாள் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுத்தாள்.

பிணத்தைக் குளிப்பாட்டி வெளியே பெஞ்சில் கிடத்தினார்கள். காரியங்களை முன்னின்று நடத்தியவள் பாவாடையின் அக்கா கொளஞ்சியம்மாள். சாலம்மாளையும் தண்ணீர் ஊற்றி, மஞ்சள் பூசி, அண்ணன் வீட்டிலிருந்து வந்த கோடிப்புடவையைக் கட்டி உட்கார வைத்தாள். இனி தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு பிணத்தை மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். சுற்றி முடித்ததும் அந்தப் பூவை எடுத்துப் பிணத்தின் மேல் போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு அவளுக்குப் பூ கிடையாது.

கள்ளக்குறிச்சிக்குப் பூ வாங்கப் போன சாலம்மாளின் மகன் சின்னராசு ஒரே ஒரு மாலையோடு திரும்பி வந்தான்.

"தை முகூர்த்தமாம் அத்த. எந்தக் கடையிலயும் ஒண்ணும் இல்ல. இதுக்கே சண்ட போட வேண்டியதாப் பூடுச்சி."

"மால அவனுக்கு ஆச்சி. இவளுக்கு?" என்ற கொளஞ்சியம்மாள் வாசலைப் பார்த்தாள். "வூட்டு முன்னால இம்மாம் பூத்துக் கெடக்குது, டவுனுக்கு எதுக்குப் போவணும்? யாராச்சும் மொறத்த எடுத்துக்கினு போங்கடி."

"வாணாம் அண்ணி," என்றாள் சாலம்மாள்.

பறை ஓய்ந்திருந்த நேரம். எல்லார் காதிலும் விழுந்தது.

"இன்னாடி வாணாம்?"

"அதத் தொட வாணாம். அவுருக்குப் புடிக்காது."

சொன்ன பிறகு அவளுக்கே ஆத்திரமாக வந்தது. உயிரோடு இருந்தவரைக்கும் பயந்தது போதாதா? செத்துக் கிடக்கிறவனுக்காகவும் நாக்கு தானாகப் புரள்கிறதே.

காசியம்மாள் எழுந்து முறத்தை எடுத்தாள்.

"நான் பறிக்கறேன்."

"காசி, உங்கப்பன்..."

"அப்பன் இன்னா? எழுந்து வந்து அடிக்கட்டும். நானே மிலாறு ஒடிச்சிக் குடுக்கறேன்."

"வாய மூடுடி," என்றாள் கொளஞ்சியம்மாள். ஆனால் அவளைத் தடுக்கவில்லை.

காசியம்மாள் முதலில் ரோஸ் செடிக்குப் போனாள். பின்னாலிருந்து யாரோ பிடிக்க வருவதைப் போல அவசரமாகப் பறித்தாள். வெள்ளை, ஊதா, கோடு போட்டது என்று மலர்ந்திருந்ததை எல்லாம் உருவிப் போட்டாள். மஞ்சள் முள் கையைக் கிழித்தது. புறங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் பறித்தாள். வெளிர்நீலச் செடிக்கு வந்ததும் அவள் கை நின்றுவிட்டது. முறத்தைக் கீழே வைத்துவிட்டு அதன் முன்னால் குந்தினாள். முழங்காலில் கை போட்டு, தலையைச் சாய்த்து அவள் குந்தியிருந்த விதம் அப்படியே அப்பனைப் போல இருந்தது. வாசல்படியிலிருந்து பார்த்த சாலம்மாளுக்கு மகளின் முதுகு குலுங்குவது தெரிந்தது. யாரும் பக்கத்தில் போகவில்லை. சற்று நேரம் கழித்து எழுந்து அதையும் பறித்தாள்.

பூவைக் கட்டியதும் அவள்தான். அம்மாவின் கொண்டையைச் சுற்றி, காதுக்குக் காது தொங்கும்படி வைத்துவிட்டாள். பக்கத்து வீட்டு இருசம்மாள் அதைப் பார்த்து வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மன் மாரி இருக்கறயேக்கா..."

பறை மறுபடியும் எழுந்தது. சாலம்மாள் சுற்றத் தொடங்கினாள். பூவில் வாசமும் இல்லை, கனமும் இல்லை. தலையில் ஏதோ இருக்கிறது என்பதே மற்றவர்களின் கண்களைப் பார்த்துத்தான் தெரிந்தது. மூன்றாவது சுற்றில் பாவாடையின் முகத்துக்கு நேராக நின்றுவிட்டாள்.

"பாரு," என்றாள். "இப்பயாச்சும் பாரு."

ஒப்பாரி என்று நினைத்துப் பெண்கள் பெருங்குரலெடுத்து அழுதார்கள். சாலம்மாள் அழவில்லை. இன்னொரு தரம், சத்தமாகவே, "பாருய்யா!" என்றாள்.

கொளஞ்சியம்மாள் பின்னால் வந்து பூவில் கை வைத்தாள். சாலம்மாளின் கை சட்டென்று மேலே போய்க் கொண்டையைப் பிடித்துக்கொண்டது.

"வுடுடி."

அவள் விடவில்லை.

"வுட்டுத்தாண்டி ஆவணும். நானும் வுட்டவதான்."

கொளஞ்சியம்மாள் ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். பூச்சரத்தை உருவித் தம்பியின் மார்பில் போட்டாள். ஆண்கள் தூக்கினார்கள்.

மறுநாள் காலையில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அழுது ஓய்ந்த காசியம்மாள் உள்ளே தூங்கினாள். சாலம்மாள் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். மொட்டாக இருந்தவையெல்லாம் விரிந்து, ஒன்றுமே நடக்காததுபோலச் செடிகள் நிறையப் பூத்திருந்தன. வேலி இல்லாத பக்கமாக இருசம்மாள் உள்ளே வந்து பறித்து மடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கெழமக்கா. சாமிக்குக் கொஞ்சம் எடுத்துக்கறேன்."

"எடுத்துக்கோ."

"இவ்ளோ தினுசும் இருக்குது, இத்தினி வருசமா கிட்ட வந்து பாத்ததே இல்ல," என்றபடி இருசம்மாள் ஒரு கை அள்ளினாள். பழக்கதோஷத்தில், "இந்தாக்கா, உனக்கு," என்று நீட்டினாள்.

நீட்டிய கை பாதியில் நின்றது. மெல்லப் பின்னால் போய் மடிக்குள் நுழைந்துகொண்டது. இரண்டு பூ தவறி ஈரமண்ணில் விழுந்தது. இருசம்மாள் குனிந்து அதை எடுக்கவும் இல்லை, போகவும் இல்லை.

"மஞ்சள்ல முள்ளு இருக்கும்," என்றாள் சாலம்மாள். "பாத்துப் பறி."