வளையத்துக்குள் வெள்ளரிக்காய்

வெல்டா அந்த வெள்ளரிக்காயை உடைக்க மூன்று முறை சுத்தியலைத் தூக்கினாள். மூன்று முறையும் கை பாதியில் நின்றுவிட்டது.

நிஜ வெள்ளரிக்காய் இல்லை. கண்ணாடியில் ஊதிச் செய்தது. கட்டைவிரல் நீளம், பச்சை நிறம், மேலெல்லாம் சின்னச் சின்ன முண்டுகள். கிறிஸ்துமஸ் மரத்தில் இதைப் பச்சையோடு பச்சையாக ஒளித்து வைத்துப் பிள்ளைகளைத் தேட விடுவார்கள். முதலில் கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு ஒரு பரிசு கூடுதல். அமெரிக்காவில், பென்சில்வேனியாப் பக்கத்து வீடுகள் பலவற்றில் இந்த விளையாட்டு உண்டு. கூச்சலும் சிரிப்புமாக முடியும்.

வெல்டாவின் அப்பா ஆரின் கிராட்சர் வீட்டில் பரிசு வேறு. சரக்கறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் அவனுடைய இடுப்பு பெல்ட் தொங்கும். வெள்ளரிக்காயைக் கண்டுபிடித்த மகளுக்குப் புத்தாண்டு வரை பெல்ட் அடி கிடையாது. கண்டுபிடிக்காதவளுக்கு இரண்டு பங்கு. ஒரு வருஷம் வெல்டாவும் தங்கை ஆர்லீனும் ரகசியமாகப் பேசி வைத்துக்கொண்டு, கண்ணெதிரே தொங்கியதைப் பார்க்காத மாதிரி சாயங்காலம் முழுக்க மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கடைசியில் ஆரினே எழுந்து போய் அதை எடுத்தான். "எனக்குக் கிடைச்சிருச்சு" என்று சொல்லிவிட்டு இரண்டு பேரையும் அடித்தான். அம்மா அடுப்படியில் ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். அவள் வாழ்நாள் முழுக்கச் செய்தது அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட மனிதன் எழுபத்தெட்டு வயதில், தூக்கத்தில், ஒரு முனகல் கூட இல்லாமல் செத்தான். நல்லவர்களுக்குக் கூட அப்படி ஒரு சாவு வாய்ப்பதில்லை.

இந்த ஆகஸ்டில் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். மரத்து அலங்காரங்கள் இருந்த அட்டைப் பெட்டி மூத்தவள் வெல்டாவிடம் வந்தது. வெல்டாவுக்கு அறுபத்தொரு வயது; பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் கரண்டி பிடித்தவள்; புருஷனை அடக்கம் செய்து நாலு வருஷம் ஆகிறது. பெட்டியை அவள் திறக்கவே இல்லை. வியாழக்கிழமை ஆர்லீன் தொலைபேசியில் கூப்பிட்ட பிறகுதான் திறந்தாள்.

"அந்த வெள்ளரிக்காய் எனக்கு வேணும். டெஸ்ஸாவுக்கு நாலு வயசாச்சு. இந்த வருஷம் எம் பேத்தி தேடட்டும்" என்றாள் ஆர்லீன்.

"அது உடைஞ்சு போச்சு."

"பொய் சொல்லாத, வெல்டா. உனக்குப் பொய் சொல்ல வராது. குரல் மேல ஏறிடும்."

"உடைஞ்சு போச்சுன்னா போச்சு. குழந்தை கையில குடுக்கிற சாமானா அது? உனக்கு மூளை கீளை இருக்கா?"

"சனிக்கிழமை வரேன்" என்று சொல்லி ஆர்லீன் வைத்துவிட்டாள்.

 இனி ஒரு குழந்தையும் அதைத் தேடக் கூடாது, அவ்வளவுதான் வெல்டாவுக்கு வேண்டியது. உடைத்து எறிந்திருக்கலாம். ஆனால் சின்ன வயதில் அது உள்ளங்கையில் இருந்தால் அன்றைக்கு அடி இல்லை என்று அர்த்தம். மூளை மறந்தாலும் கை அதை மறக்கவில்லை. சுத்தியலை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதாள். தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அப்போதுதான் வளையம் செய்கிற யோசனை வந்தது. சர்ச் பெண்கள் வருஷா வருஷம் செய்வதுதான். துணி மாட்டுகிற கம்பி ஹேங்கரின் கழுத்து முறுக்கைக் குறடால் பிரித்து, கம்பியை வட்டமாக வளைத்து, அலங்கார உருண்டைகளை ஒவ்வொன்றாகக் கோத்து நெருக்கித் தள்ளி, மறுபடியும் முறுக்கிவிட்டு, முறுக்கின் மேல் ஒரு ரிப்பன் முடிச்சு. கதவில் மாட்டினால் முடிந்தது. மற்றவர்கள் பிளாஸ்டிக் உருண்டை வாங்கிச் செய்வார்கள். வெல்டா பெட்டியில் இருந்த கண்ணாடி உருண்டைகள் முழுவதையும் எடுத்தாள். ஒரு முறை முறுக்கி மூடிய வளையத்தை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

சனிக்கிழமை காலை உட்கார்ந்தாள். உருண்டைகளின் தலையில், கம்பி கோக்கும் தகரத் தொப்பி கழன்று விழாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் சூட்டுப் பசை விட வேண்டும். பசையை உருக்கித் தரும் மின்சாரப் பசைத் துப்பாக்கி இரண்டு முறை விரலைச் சுட்டது. பெரிய சிவப்பு, நடுவில் சின்னத் தங்கம், பக்கத்தில் வெள்ளி என்று கோத்துக்கொண்டே போனாள். கீழ்ப்பக்கம் வந்ததும் வெள்ளரிக்காயைக் கோத்து உள்நோக்கித் திருப்பி, அதைச் சுற்றிலும் பெட்டியில் இருந்த பச்சை உருண்டைகளை வைத்து மறைத்தாள். தள்ளி நின்று பார்த்தாள். எந்தக் கண்ணுக்கும் தெரியவில்லை. சமையலறைக் கதவின் உள்பக்கம் மாட்டிவிட்டுக் காப்பி போட்டாள். பசைத் துப்பாக்கியின் வயரைப் பிடுங்க மறந்துவிட்டாள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஆர்லீன் வந்தாள். பூட்ஸில் ஒட்டிய பனியை வாசலில் உதறிவிட்டு, கையில் பிஸ்கட் டப்பாவோடு உள்ளே நுழைந்தாள். ஐம்பத்தெட்டு வயது. இடது முழங்கைக்குக் கீழே கை கொஞ்சம் கோணல். எட்டு வயதில் பனியில் வழுக்கி விழுந்து ஒடிந்தது என்று ஆஸ்பத்திரியில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

"பெட்டி எங்க?"

"அதோ. காலி. எல்லாத்தையும் அதுல கோத்துட்டேன்" என்று வெல்டா கதவைக் காட்டினாள். "வெள்ளரிக்காய் உடைஞ்சதாலதான் மிச்சத்தையாவது காப்பாத்தலாம்னு."

ஆர்லீன் கோட்டைக் கூடக் கழற்றாமல் வளையத்தின் முன் போய் நின்றாள். தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேலிருந்து தொடங்கி மெதுவாகப் பார்வையை இறக்கினாள். தேடும்போது தொடக் கூடாது என்பது அப்பா போட்ட சட்டம். ஐம்பது வருஷம் கழித்தும் அவள் கைகள் தாமாகவே பின்னால் போய்க் கட்டிக்கொண்டன.

"அழகாத்தான் இருக்கு" என்றாள். "சிவப்பு, தங்கம், வெள்ளி. எல்லாம் கலந்து கலந்து வச்சிருக்க. பச்சை மட்டும் ஏன் ஒரே இடத்துல குமிச்சு வச்சிருக்க?"

வெல்டா காப்பிக் கோப்பையை மேசையில் வைத்தாள்.

"பச்சைக்குள்ள பச்சை. முகத்துக்கு நேரா இல்லாம கொஞ்சம் கீழ. உள்பக்கமாத் திருப்பி." ஆர்லீன் திரும்பிப் பார்த்தாள். "அந்த ஆள் எப்படி ஒளிச்சு வைப்பானோ அச்சு அசல் அப்படியே வச்சிருக்கியே, வெல்டா. நீ அவன் பொண்ணுதான்."

வெல்டாவுக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. உண்மை என்பதால் இன்னும் வலித்தது.

"கையை வைக்காத. எல்லாம் உடைஞ்சிடும்."

"உடையட்டும். எனக்கு அது வேணும். டெஸ்ஸா அதைக் கண்டுபிடிக்கணும். நான் அவளைத் தூக்கி முத்தம் குடுக்கணும், ஒரு பொம்மை குடுக்கணும். நம்ம குடும்பத்துல ஒரு தடவையாவது அது விளையாட்டா இருக்கணும். அப்பதான் எனக்கு அவன் செத்த மாதிரி. உனக்கு இது புரியாது. நீ ஜெயிச்சவ."

"நானா ஜெயிச்சேன்?"

"இதோ பாரு." ஆர்லீன் வலது கையை நீட்டினாள். கட்டைவிரலுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே வெளுத்த பிறைத் தழும்பு. "நான்தான் அன்னைக்கு முதல்ல பார்த்தேன். நான்தான் கையை நீட்டினேன். நீ கடிச்சுப் புடுங்கிட்டு ஓடிப் போய் அவன்கிட்ட காட்டின. அன்னைக்கு ராத்திரி என் கை ஒடிஞ்சுது. நீ மாடியில போர்வைக்குள்ள படுத்துக் கேட்டுட்டு இருந்த."

"எனக்குப் பதினோரு வயசுடி."

"எனக்கு எட்டு."

சொல்லிக்கொண்டே ஆர்லீன் வளையத்தைப் பிடித்தாள். வெல்டா பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். முழங்கை ஒன்று வெல்டாவின் வாயில் இடித்தது. உதடு கிழிந்து ரத்தம் உப்புக் கரித்தது. வெல்டா அவள் கோட்டுக் காலரைப் பிடித்து மேசையில் தள்ளினாள். காப்பி கொட்டியது. ஆர்லீனின் கைக்கு அகப்பட்டது பசைத் துப்பாக்கி. அதைத் தூக்கி அக்காளின் முன்கையில் அழுத்தினாள். தோல் பொசுங்கிய வாடை இரண்டு பேருக்கும் அடித்தது. வெல்டா அலறவில்லை. அந்த வீட்டில் வளர்ந்தவர்கள் அலறுவதில்லை. அலறினால் இன்னும் இரண்டு அடி விழும். பிஸ்கட் டப்பாவை எடுத்துத் தங்கையின் காதோரம் ஓங்கி அடித்தாள். மூடி பறந்தது, பிஸ்கட்டுகள் தரையெங்கும் சிதறின.

ஆர்லீன் தள்ளாடியபடியே வளையத்தைக் கதவிலிருந்து பிடுங்கினாள். ரிப்பனைக் கிழித்தாள். பற்களைக் கடித்துக்கொண்டு கம்பியின் முறுக்கைத் திருகினாள். விரல் நகம் ஒன்று பெயர்ந்தது. முறுக்கு விட்டது. ஒரு முனையை அவள் பிடிக்க மறுமுனையை வெல்டா பிடித்தாள். நடுவில் கம்பி நிமிர்ந்து சாய்ந்தது. காலையெல்லாம் உட்கார்ந்து கோத்த உருண்டைகள் ஒவ்வொன்றாக வழுக்கி இறங்கித் தரையில் விழுந்து வெடித்தன. சிவப்பு, தங்கம், வெள்ளி. கடைசியாகப் பச்சை.

வெள்ளரிக்காய் மட்டும் உடையவில்லை. மேசைக்கு அடியில் இருந்த கம்பளி மிதியடியில் விழுந்து இரண்டு முறை புரண்டு நின்றது.

ஆர்லீன் கம்பியை விட்டுவிட்டு மண்டியிட்டாள். வெல்டாவும் மண்டியிட்டாள். அறுபதை ஒட்டிய இரண்டு பெண்கள் உடைந்த கண்ணாடி மேல் முட்டி தேய்த்து மேசைக்கு அடியில் ஊர்ந்தார்கள். முட்டிகளில் சில்லு ஏறியதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. மூச்சிரைப்பு மட்டும் கேட்டது. ஆர்லீனின் கை முதலில் போய்ச் சேர்ந்தது. விரல்கள் அதன் மேல் மூடின.

வெல்டா குனிந்து அந்தக் கையைக் கடித்தாள். அதே இடத்தில். பற்கள் பழைய தழும்பைத் தாமாகவே கண்டுகொண்டன. விரல்கள் திறந்தன. வெல்டா பிடுங்கிக்கொண்டு பின்னால் தவழ்ந்து எழுந்து நின்றாள்.

"எனக்குக் கிடைச்சிருச்சு!"

குரல் அவளுடையது போலவே இல்லை. சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

 குனிந்து பார்த்தாள். ஆர்லீன் மேசைக் காலோடு ஒட்டிச் சுருண்டிருந்தாள். முட்டிகள் நெஞ்சோடு ஒட்டியிருந்தன. இரண்டு கைகளும் தலையை மூடியிருந்தன; கோணல் கை மேலே, நல்ல கை கீழே. ஒடிந்த பிறகு அவள் பழகிக்கொண்ட விதம் அது. ஏற்கெனவே கெட்டுப்போன கை முதல் அடியை வாங்கிக்கொள்ளட்டும் என்று. பேத்தி எடுத்த பெண், நரைத்த தலையை மறைத்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

எதற்குக் காத்திருக்கிறாள் என்று வெல்டாவுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு தன் கையைப் பார்த்தாள். வெள்ளரிக்காய் வலது கையில் இருந்தது. இடது கையில் ஹேங்கர் கம்பி. அந்தக் கை தலைக்கு மேல் ஓங்கியிருந்தது.

எப்போது ஓங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. சுத்தியலைத் தூக்கினால் பாதியில் நிற்கிற கை, இதற்கு மட்டும் முழுசாக உயர்ந்திருந்தது.  கம்பியைக் கீழே விட்டாள். அது விழுந்த சத்தத்துக்கு ஆர்லீன் உடம்பு ஒரு முறை தூக்கிப் போட்டது.

"ஆர்லீன். நான்தான். அவன் இல்ல."

ஆர்லீன் அசையவில்லை.

"நான் அடிக்கல. அடிக்க மாட்டேன்." வெல்டா தரையில் உட்கார்ந்தாள். முட்டி வலி இப்போதுதான் உறைத்தது. முன்கையில் சுட்ட இடம் பச்சைப் புண்ணாகப் பளபளத்தது. வெள்ளரிக்காயை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். "அன்னைக்கும் இது உன்னோடதுதான். நீதான் முதல்ல பார்த்த. எடுத்துக்க. டெஸ்ஸாகிட்ட குடு, என்னவோ பண்ணு. நான் ஒண்ணும் கேட்க மாட்டேன்."

ஆர்லீன் கைகளை மெல்ல இறக்கினாள். காதோரம் வீங்கியிருந்தது. அக்காளின் முகத்தைப் பார்த்தாள், கம்பியைப் பார்த்தாள், பிறகு வெள்ளரிக்காயை எடுத்துக்கொண்டாள். ஐம்பது வருஷமாகக் கேட்டது கையில் வந்துவிட்டது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முண்டுகளில் அவள் ரத்தம் ஒட்டியிருந்தது.

"நான் எப்படிச் சுருண்டேன், பார்த்தியா?"

"பார்த்தேன்."

"டெஸ்ஸா தேடிக் கண்டுபிடிச்சு 'கிடைச்சிருச்சு'ன்னு கத்துவா. கத்தாம இருப்பாளா, குழந்தைதானே." ஆர்லீன் மூக்கைக் கோட்டுக் கையில் துடைத்தாள். "நான் அவ கண்ணெதிரேயே இப்படித்தான் போய் விழுவேன்."

வெல்டா கம்பியைக் காலால் தூரத் தள்ளினாள். 

ஆர்லீன் வெள்ளரிக்காயைத் தரையில் வைத்தாள். பூட்ஸின் குதிகாலை அதன் மேல் வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் இறக்கினாள். சத்தம் சின்னதாகத்தான் கேட்டது. காலை எடுத்தபோது ஒரு பச்சைத் தூளும் நசுங்கிய தகரத் தொப்பியும் கிடந்தன.

"யாருக்கும் கிடைக்கல" என்றாள்.

வெல்டாவின் கண்கள் தாமாகவே சமையலறை வாசலுக்குப் போயின. அவள் மட்டுமில்லை, ஆர்லீனும் அங்கேதான் பார்த்தாள். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். பெல்ட்டோடு யாரும் எழுந்து வரவில்லை.