கௌரியம்மாள் பாத்த குதிகால்

மார்கழி வந்தா எங்க பக்கத்துல சாமிக்குப் பொங்கல், மனுசனுக்குச் சொறி. விடியறதுக்கு முன்னாடி மலைக்கோயில்ல மேளம் ஆரம்பிச்சிடும். நான் பாயில கெடந்து முழங்காலைச் சொறிஞ்சிகினு கெடப்பேன். கையில நகத்தால ஒரு கீறு கீறினா வெள்ளையா கோடு விழும். எழுதத் தெரிஞ்சிருந்தா அம்சான்னு என் பேரையே எழுதிப் பாத்திருப்பேன். உதடு வெடிச்சி, சிரிச்சா ரத்தம் வந்துச்சு. அதனால நான் சிரிக்கறதை வுட்டுட்டேன். எங்கம்மா எல்லம்மாள் அதைப் பாத்துட்டு, "எம்பொண்ணுக்கு இப்பத்தான் அடக்கம் வந்திருக்குது"ன்னு தெருவெல்லாம் சொல்லிகினு திரிஞ்சா.

சண்டை நடந்துகினு இருந்த வருசம் அது. எங்கியோ ஜெர்மன்காரனும் ஜப்பான்காரனும் அடிச்சிக்கறான், திருத்தணி கடைத்தெருவுல எண்ணெய் கெடைக்கல. இது எந்த ஊரு நாயம்? அவன் குண்டு போட்டா என் முட்டி ஏன் வெளுக்கணும்? கடைக்காரன்கிட்ட கேட்டா, "பட்டாளத்துக்குப் போவுதும்மா"ன்றான். பட்டாளத்துக்காரன் எல்லாம் தலைக்கு எண்ணெய் வெச்சிகினுதான் சுடுவானா?

சொறி பத்தி எனக்குக் கவலை இல்லை. வருசா வருசம் வரும், மாசியில போயிடும். ஆனா அந்த வருசம் எனக்குக் கல்யாணம் நடக்கணும். யாரோடயாவது இல்லை, திருவாலங்காட்டுப் பரசுராமனோட.

ஆடிக் கிருத்திகை கூட்டத்துல எங்க நைனாவோட வண்டி சேத்துல மாட்டிக்கிச்சு. நைனா மாட்டைத் திட்டறாரு, மாடு நைனாவைப் பாக்குது, ஒண்ணும் நடக்கல. அப்போ ஒருத்தன் வந்தான். வேட்டியை மடிச்சிக் கட்டினான், சக்கரத்துக்குத் தோள் குடுத்தான், ஒரே தூக்கு. வண்டி மேல நான் உக்காந்துகினு இருக்கறேன், என்னைப் பாக்கவே இல்லை. கையைத் தட்டிகினு போயிட்டான். அந்தத் திமிரு எனக்கு ரொம்பப் புடிச்சிப் போச்சு. பக்கத்து வீட்டுத் தாயாரம்மாளைப் புடிச்சி, அவன் யாரு, எந்த ஊரு, கட்டிக்கற மொறையான்னு விசாரிச்சி, அவளை வுட்டே பேச வெச்சேன். எல்லாம் நல்லாத்தான் போச்சு. அவன் ஆத்தா கௌரியம்மாள் வந்து மறிச்சிகினு நின்னா.

அந்தம்மா பொண்ணு பாக்கற லட்சணத்தைக் கேளுங்க. வீட்டுக்கு வரமாட்டா. சொஜ்ஜி தின்னமாட்டா. பாடச் சொல்லமாட்டா. திருத்தணி மலையடிவாரத்துக்குப் பொண்ணைக் கூட்டிகினு வரச் சொல்லுவா. "நீ முன்னால ஏறும்மா, எனக்கு மூச்சு வாங்கும்"னு சொல்லிட்டுப் பின்னாலயே வருவா. படி ஏறும்போது முன்னால போறவளோட குதிகால் பின்னால வர்றவ கண்ணுக்கு நேரா நிக்கும். மொகத்துக்குப் பவுடர் பூசலாம், கழுத்துக்கு இரவல் சங்கிலி போடலாம், குதிகாலை யாரு கண்டுக்கறா? அதைத்தான் பாப்பா. வெடிப்பு இருந்தா பாதி மலையிலயே திரும்பிடுவா. வெடிச்ச காலு மிதிச்சா கழனியும் வெடிச்சி, பயிரு காஞ்சிடும்னு அவளுக்கு ஒரு கணக்கு. எனக்கு முன்னாடி பாத்த பொண்ணுங்க எல்லாம் அப்பிடித்தான் பாதி மலையில நின்னாங்க.

என் காலைப் பத்திச் சொல்றேன். காலையில நாத்தங்கால் தண்ணியில நிப்பேன், அப்புறம் வரப்புல காயும், மறுபடியும் சேறு. பனிக்காத்து வேற. என் குதிகால் கோடையில வத்தின ஏரி மாதிரி கெடந்துச்சு. பொடவை ஓரம் அதுல மாட்டிக் கிழியும்னா பாத்துக்கோங்க.

தாயாரம்மாள் வைத்தியம் ஆரம்பிச்சா. உதட்டு வெடிப்புக்குத் தொப்புள்ல எண்ணெய் வெய்யின்னா. உதட்டுக்கும் தொப்புளுக்கும் என்னா சொந்தமோ, வெச்சேன். சொட்டு எண்ணெய் வீணாப் போனதுதான் மிச்சம். மொகத்துக்குப் பாலாடை பூசிகினு படுன்னா. படுத்தேன். பூனை வந்து கன்னத்தை நக்கிட்டுப் போச்சு. மொகம் என்னமோ பளபளன்னுதான் ஆச்சு, அது பாலாடையாலயா பூனையாலயான்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது. காலுக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சிப் போட்டேன். எரிச்சல்ல குதிச்சேனே தவிர வெடிப்பு மூடல.

"வெளக்கெண்ணெய் தடவினா ஒரே ராத்திரியில மூடிக்கும்"னா தாயாரம்மாள் கடைசியா.

"அதை மொதல்லயே சொல்றதுக்கு என்னாடி?"

"இருந்தாத்தானே சொல்றதுக்கு? ஊர்ல எவ வீட்ல கீது வெளக்கெண்ணெய்?"

எங்க வீட்ல இருந்துச்சு. வீட்டுக்குள்ள இல்லை, வண்டிக்கு அடியில. வைக்கோலைக் கொளுத்தி, அந்தக் கரியை வெளக்கெண்ணெய்யில கொழைச்சி, மூங்கில் கொழாயில அடைச்சித் தொங்கவுட்டிருந்தாரு நைனா. வண்டி மை. நாளெல்லாம் சுத்தற அச்சே அதைப் பூசிகினுதான் தேயாம ஓடுது, என் காலு என்னா அதைவிட ஒசத்தியா? மறுநாள் மலை ஏறணும், சாயங்காலமே கொழாயை எடுத்தேன், ரெண்டு குதிகால்லயும் வெடிப்பு வெடிப்பா அடைச்சேன், துணியைச் சுத்திகினு படுத்துட்டேன். சொன்னா நம்பமாட்டீங்க, என்னா சொகம்! எரிச்சல் போன எடம் தெரியல.

காலையில சீயக்காய் போட்டுத் தேச்சிக் கழுவி, மேல மஞ்சளை அழுத்தித் தடவினேன். வெடிப்பே தெரியல. குதிகால் வழவழன்னு பணக்கார வீட்டுக் குதிகாலாட்டம் இருந்துச்சு. மொகத்தைக்கூடப் பாத்துக்கல நானு, வழியெல்லாம் காலையே பாத்துகினு வந்தேன்.

வண்டி அடிவாரம் வரைக்கும் கிறீச் கிறீச்சுன்னு கத்திகினே வந்துச்சு. "கொழாய்ல மை காலியாக் கீது, எவன்டா எடுத்தான்?"ன்னு நைனா ஊரையே திட்டிகினு வந்தாரு. நான் வாயைத் தொறக்கல. உதடு வெடிச்சிருந்தது அன்னிக்கி ஒண்ணுக்குத்தான் ஒத்தாசை.

அடிவாரத்துல கௌரியம்மாளும் பரசுராமனும் நின்னாங்க. புள்ளைக்குக் கல்யாணம் ஆவணும்னு அந்தம்மா படிபூசை வேண்டிகினு இருந்திருக்கா. இருட்டோட ஆரம்பிச்சி, படிக்குப் படி குனிஞ்சி மஞ்சள் தடவி, குங்குமம் வெச்சி, கற்பூரம் ஏத்தி, மேல வரைக்கும் போயிட்டா. என் காலைப் பாக்கறதுக்குன்னே மறுபடியும் எறங்கி வந்திருக்கா. எப்பேர்ப்பட்ட வைராக்கியம் பாருங்க. பொடவைக் கொசுவம் தரையைப் பெருக்கிகினு இருந்துச்சு, காலு விரல் நுனிகூடத் தெரியல.

"நீ முன்னால ஏறும்மா. எனக்கு மூச்சு வாங்கும்."

"ஆங், சரிங்க"ன்னு ஏறினேன். எங்களுக்கு முன்னால பரசுராமன், அப்புறம் நான், எனக்குப் பக்கத்துல எங்கம்மா, பின்னால என் குதிகாலும் கௌரியம்மா கண்ணும். நைனா வண்டிகிட்டயே நின்னுட்டாரு. பாதி மலை தாண்டினேன். அந்தம்மா திரும்பல! முருகா, உனக்கு மொட்டை போடறேன், எனக்கு இல்லை, எங்க நைனாவுக்குன்னு வேண்டிகினேன்.

சாமி அதைக் கேட்டுச்சோ என்னமோ, கோவம் வந்துடுச்சி. ஏற ஏற ஒடம்பு சூடாச்சு, காலு சூடாச்சு, வெடிப்புக்குள்ள இருந்த மை எளகிச்சு. எனக்குத் தெரியல. பின்னாலிருந்து சத்தம் வந்துச்சு.

"நில்லுடி."

திரும்பிப் பாத்தேன். கௌரியம்மாள் பூசி வெச்ச மஞ்சப் படியில, அவ வெச்ச குங்குமத்துக்குப் பக்கத்துல, படிக்குப் படி கறுப்பு அப்பிகினு வந்திருக்குது. அந்தம்மா குனிஞ்சி ஒரு விரல்ல தொட்டா, மோந்து பாத்தா. வெவசாயக் குடும்பத்துக்காரி, தெரியாம போவுமா?

"வண்டி மை!"

எங்கம்மா முந்திகினா. "திருஷ்டிப் பொட்டுங்க. கண்ணு படக்கூடாதுன்னு உள்ளங்கால்ல வெச்சோம்."

"பொட்டா? இதுல எங்க ரெண்டு வண்டிக்கும் மை போடலாமேடி!"

இனிமே என்னா மறைக்கறது? எனக்கும் கோவம் பொத்துகினு வந்துச்சு. "வண்டி மைதாங்க. எனக்கு வெடிப்பு கீது. கழனியில எறங்கறவளுக்கு வெடிக்காம, தந்தத்துல செஞ்சா வெச்சிருப்பாங்க? இதே மலையில முருகனைக் கட்டிகினவ காட்டுல தெனை காத்தவ. அவ குதிகாலை யாரு வந்து பாத்தாங்க?"

கௌரியம்மா மொகம் செவந்து போச்சு. "டேய், வாடா. வேணாம் இந்தப் பொண்ணு."

பரசுராமன் ரெண்டு படி எறங்கி வந்தான். அன்னிக்கித்தான் அவன் கொரலையே கேட்டேன். "யம்மா, சந்தையில காளை புடிக்கறப்போகூடப் பல்லைத்தாம்மா பாப்பாங்க. நீ என்னா கொளம்பைப் பாத்துகினு?"

மாடுன்றானே படுபாவின்னு பத்திகினு வந்துச்சு. ஆனா மூஞ்சி முழுக்க வேர்வையா, ஆத்தாளை எதுத்துகினு நிக்கறானே, என்னா பண்றது? அப்பவும் புடிச்சிது. இவனை வுட்டுட்டு நான் எங்க போவேன்னு அழுகை முட்டிச்சு.

கௌரியம்மா திரும்பி ஒரு படி எறங்கினா. "அய்யோ!"ன்னு கத்திகினு அப்பிடியே உக்காந்துட்டா. அவ நின்ன எடத்துல சேப்பா இருந்துச்சு. குங்குமம்னு நெனைச்சேன். குனிஞ்சி பாத்தா ஈரம்.

அவ பொடவையை இழுத்து மூட மூட, காலைப் புடிச்சி வெளிய எடுத்தேன். என் காலெல்லாம் ஒரு காலா? சதை பொளந்து, ஆழமா ரத்தம் கசிஞ்சிகினு, பாக்கவே எனக்குக் கூசிப் போச்சு. ஈரக்காலோட அத்தினி படியும் குனிஞ்சி குனிஞ்சி ஏறி எறங்கினா என்னா ஆவும்?

"இவனை மேல போவச் சொல்லு"ன்னா கௌரியம்மா மெதுவா. பரசுராமன் போனான்.

எங்கம்மா கையில சாமி வெளக்குக்குன்னு கிண்ணத்துல நெய் வெச்சிகினு நின்னா. வீட்ல சொட்டு நெய் இல்லைன்னு என்கிட்ட சத்தியம் பண்ணவ! புடுங்கி, அந்தம்மா காலை என் மடியில வெச்சிகினு வெடிப்புல ஊத்தினேன்.

"அடியே, சாமி நெய்யிடி!"ன்னு அம்மா அலறினா.

"சாமிக்கு இருட்டுல கண்ணு தெரியும், சும்மா இரு." கௌரியம்மா பக்கம் திரும்பினேன். "உங்க காலே இப்பிடி கீதே, எங்க காலைப் பாத்துகினு ஏங்க அலையறீங்க?"

அவ காலை இழுத்துக்கல. கீழ ஊரைப் பாத்துகினே பேசினா. "நான் வாழ வந்த வருசம் மழை இல்லாம ஏரி ரொம்பல. எங்க மாமியா என் வெடிச்ச காலைப் பாத்தா. அதோட போச்சு. கழனிப் பக்கமே வரக்கூடாதுன்னா. மழை பேஞ்சா அவங்க புண்ணியம், காஞ்சா என் காலு. அவ செத்துட்டா, எங்க வீட்டுக்காரரும் போயிட்டாரு. நான் இன்னும் வரப்பு வரைக்கும் போயிட்டுத் திரும்பிடறேன். என் புள்ளைக்கு வர்றவளாவது நல்ல காலோட வரட்டும்னு பாத்தேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மாமியா எதிர்ல இருந்திருந்தா மலையிலிருந்து தள்ளியிருப்பேன். "மழை பெய்யலன்னா அது வானத்தோட வேலை! உங்க காலு என்னா மேகத்தையா ஒதைச்சிது? ஊருக்கே பெய்யாதப்போ உங்க ஒருத்தி காலுதான் காரணமா? பனிக்கு வெடிக்குது, எண்ணெய் வெச்சா மூடிக்குது, அவ்ளோதாங்க காலு! அதுல என்னா சாபம் கீது?"

கௌரியம்மா வாய் கோணிச்சு. "இத்தினி வருசத்துல இதை ஒருத்தி எனக்குச் சொல்லலியேடி"ன்னு சொல்லிட்டு, நடுப்படியில உக்காந்துகினு கொழந்தையாட்டம் அழுதா. அரோகரா போட்டுகினு ஏறினவங்க எங்களைச் சுத்திகினு போனாங்க.

முந்தானையால மூக்கைச் சிந்தினா. "தை பொறந்ததும் பரிசம் போட வர்றோம், உங்க வூட்டுக்காரர்கிட்ட சொல்லும்மா"ன்னு எங்கம்மாவைப் பாத்துச் சொன்னா. நான் கேக்காமலே, இன்னொரு காலையும் தூக்கி என் மடியில வெச்சா.