இரவல் மூக்கு

காலமெல்லாம் பெயின்ட் வாடையிலேயே கிடந்ததில் அந்தப் பெயின்டருக்கு மூக்கு செத்துப்போயிருந்தது. வீட்டில் பேக்கன், அதான் அந்த உப்புப் போட்ட பன்றிக்கறி, கெட்டுவிட்டதா என்று மோந்து பார்த்துச் சொல்வது மனைவியின் வேலை. அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இப்போது பிரித்த பாக்கெட்டை இவரே காற்றுப் புகாமல் சுற்றி ஃபிரிட்ஜில் வைக்கிறார். வாரம் தாண்டினால் தொடுவதில்லை. ஆனாலும் பயம் விடவில்லை. கறி வெளிறினால் கண்ணுக்குத் தெரியும், பிசுபிசுத்தால் விரலுக்குத் தெரியும். பாழாய்ப்போன புளித்த வாடையைப் பிடிக்க மூக்குக்கு எங்கே போவது?

ஒருநாள் வெட்கத்தை விட்டு, பாக்கெட்டும் கையுமாக எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் கதவைத் தட்டினார்.

"கொஞ்சம் மோந்து பாத்துச் சொல்றியாம்மா?"

அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "ஐயய்யோ, ஊசிப்போச்சுண்ணே! தூக்கிப் போடுங்க." கதவைச் சாத்தப் போனவள் நின்றாள். "அப்போ ராத்திரிக்கு என்ன சாப்பிடுவீங்க?"

அவர் சாப்பிட்டாரா என்று யாரும் கேட்டு எத்தனையோ நாளாயிற்று. தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் திரும்பினார்.

மறுநாள் சாயங்காலம் கடையிலிருந்து நேரே அவள் வாசலில் போய் நின்றார்.

"இதையும் கொஞ்சம் பாரும்மா."

அவள் பாக்கெட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். ஓரம்கூடக் கத்தரிக்கவில்லை. அவருக்கு அப்போதுதான் உறைத்தது, காதெல்லாம் சூடாகிவிட்டது.

அவள் சிரிக்கவில்லை. ஒட்டிய பிளாஸ்டிக்கை மூக்கருகே கொண்டுபோய் நிதானமாக மோந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. எதுக்கும் நாளைக்கும் கொண்டாங்கண்ணே, பாத்துடலாம்."