ஒற்றை விளக்கில் வந்த கார்

என் காரின் இடது பக்க ஹெட்லைட் அணைந்தபோது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய கார், எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டிக் களைத்த கார். பல்பு என்றாவது போகத்தான் செய்யும். கேம்ப் ரோட்டில் ஒன்று வாங்கி மாட்டினால் தீர்ந்தது என்று ஷீலாவிடம் சொன்னேன். நான் சொல்லிப் பலித்தது எதுவும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும், இருந்தும் தலையாட்டினாள்.

கார் எக்கேடோ கெடட்டும், எனக்கு முக்கியம் ஷீலாவின் வேலை. ஷீலா என் மனைவி, லேப் டெக்னீஷியன். இரண்டு வருடத்துக்கு முன் அவள் தம்பி மோகன்ராஜ் வண்டலூர் தாண்டி, விளக்கில்லாமல் ஓரமாக நின்றிருந்த ஒரு லாரியின் மேல் பைக்கோடு மோதிப் போய்ச் சேர்ந்தான். அதோடு அவள் வேலையை விட்டாள். பொழுது சாய்ந்தால் பீர்க்கன்கரணை வீட்டு கேட்டைத் தாண்டமாட்டாள். சர்ச்சில் சாயங்கால ஆராதனை என்றால்கூட, நீங்க போயிட்டு வாங்க என்பாள். ஆறு மணிக்கே ஜன்னலைச் சாத்திவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பாள். டி.வி.யில் என்ன ஓடுகிறது என்று கேட்டால் தெரியாது.

அப்படி இருந்தவளை அவளுடைய பழைய மேலதிகாரி துரைராஜ் பள்ளிக்கரணையில் ஒரு மருத்துவமனைக்குக் கூப்பிட்டார். ஷிப்ட் முடிய இரவு எட்டு ஆகும். "நீங்க கார்ல வந்து கூட்டிட்டு வந்தா போறேன்" என்றாள். பெருங்களத்தூரில் நான் வேலை பார்க்கும் டைல்ஸ் கடையில் முதலாளியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, சீக்கிரம் கிளம்ப அனுமதி வாங்கினேன். அவள் வேலைக்குப் போன முதல் வாரமே வீட்டின் களையே மாறிவிட்டது. ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்த போலீஸ்காரர் கதையை அவள் மேடவாக்கத்தில் ஆரம்பித்து சேலையூர் வரைக்கும் சொல்லிச் சிரித்தாள். ரோட்டைப் பார்க்காமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் ஹெட்லைட் போனது.

புது பல்பு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. எந்தப் புதுப் பொருள் வந்தாலும் அது ஒரு ராத்திரி ஷோகேஸில் பைபிளுக்கும் சர்ச்சில் ஜெபித்துத் தந்த ஒலிவ எண்ணெய்க் குப்பிக்கும் நடுவில் இருந்தாக வேண்டும். தம்பி போன பிறகு ஷீலா போட்ட சட்டம். மிக்சி இருந்திருக்கிறது, கேஸ் அடுப்பு இருந்திருக்கிறது, என் புதுச் செருப்பும் இருந்திருக்கிறது. செருப்பு பரிசுத்தமடைந்துவிட்டதா, காலில் போடலாமா என்று நான் கிண்டல் அடித்ததில் அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சமாதானமான பிறகும் ஜெபமெல்லாம் நான் குளிக்கப் போன பிறகுதான்.

மறுநாள் பல்பை எடுத்துக்கொண்டு சேலையூரில் தனசேகரிடம் போனேன். கார் எலக்ட்ரீஷியன். மரத்தடியில் ஒரு பெட்டிக்கடை அளவு இடம், வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கும். பல்பின் அடியில் இருக்கும் தகரத்தை இரண்டு விரலால் பிடித்து, பச்சைப் பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கி மாட்டினான்.

"இன்னாத்துக்கு இவ்ளோ பக்குவம்?" என்றேன்.

"கண்ணாடிய தொடக்கூடாது சார். மாஸ்டர் சொல்லிக்குடுத்தாரு. ஏன்னு கேட்டா அடி வுழும், அதனால கேக்கல."

பல்பு ஜோராக எரிந்தது. ஒரு வாரம் எரிந்தது. அடுத்த வாரம் ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் நிற்கும்போது, முன்னால் நின்ற வேனின் முதுகில் ஒரே ஒரு வெளிச்ச வட்டம்தான் விழுந்திருந்தது. ஷீலா பேசிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டாள். வீடு வரைக்கும் கைப்பிடியை விடவில்லை.

"இன்னா சார், மறுபடியும் பூடிச்சா?" என்றான் தனசேகர். வொயரைப் பிரித்தான், ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தான், ரிலேயைத் தட்டினான், மீட்டரை வைத்து பேட்டரியிலிருந்து வரும் கரண்டை அளந்தான். எல்லாம் சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருந்தால் மனுஷன் எதைத்தான் சரி செய்வது? வலது பக்கத்தில் கார் வாங்கியபோதே இருந்த பல்பு, யார் எப்போது மாட்டினதோ, அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அப்ப இந்த சைடுல ஏதோ பேஜார் கீது சார். ஒண்ணு செய்வோம். அந்தக் கிழட்டு பல்ப இங்க போடுவோம், நீ கொண்டாந்த புச்ச அங்க போடுவோம். எந்தப் பக்கம் அவுட் ஆவுதுன்னு பார்த்துக்கலாம்."

நல்ல யோசனை. நான் அதற்குள் இன்னொரு பல்பை, வேறு கம்பெனி, தாம்பரத்தில் வேறு கடையில் வாங்கி, வழக்கம்போல ஒரு ராத்திரி ஷோகேஸில் வைத்திருந்து கொண்டுவந்திருந்தேன். அதை வலது பக்கத்தில் மாட்டினான். கோளாறு என்று சந்தேகப்பட்ட இடது பக்கத்தில் கிழட்டு பல்பு மகராசனாக எரிந்தது. நல்ல பக்கம் என்று நம்பியிருந்த வலது பக்கம் ஐந்தாறு நாளில் அணைந்தது.

எனக்குத் தலை சுற்றியது. வொயரிங்கில் கோளாறு என்றால் இடது பக்கம்தானே போக வேண்டும்? பல்பில் கோளாறு என்றால் இரண்டு கம்பெனியும் சேர்ந்து எனக்கு எதிராகச் சதி செய்கிறதா? ராத்திரி படுத்தால் ஃபியூஸும் ரிலேயும் கண்ணுக்குள் ஓடியது. டைல்ஸ் வாங்க வந்தவரிடம் "எந்தப் பக்கத்துக்கு வேணும் சார், இடதா வலதா" என்று கேட்டு முதலாளியிடம் முறைப்பு வாங்கினேன்.

வலது பக்கம் போனது சாதாரண விஷயம் இல்லை. அன்று மேடவாக்கம் தாண்டி வரும்போது எதிரே ஒரு தண்ணி லாரி. என் காரின் இடது விளக்கு மட்டும் எரிவதைப் பார்த்து, ஓரமாக பைக் வருகிறது என்று நினைத்திருக்க வேண்டும். நேராக என் மேலேயே வந்தான். ஸ்டீரிங்கை ஒடித்து மண்ணில் இறக்கினேன். முன் கண்ணாடியில் லாரித் தண்ணீர் தெறித்தது. ஷீலா கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ரொம்பத் தெளிவான குரலில் பேசினாள்.

"ஆண்டவர் ஏதோ சொல்றாருங்க. நமக்குத்தான் கேக்க மாட்டேங்குது."

"பல்பு போனதுக்கு ஆண்டவர் என்னடி பண்ணுவார்?"

"இன்னொரு தடவை இது போச்சுன்னா நான் வேலைய விட்டுடறேன். இருட்டுல வராதேன்னு சொல்றார். மோகனுக்கும் சொல்லியிருப்பார், அவன் கேட்டிருக்க மாட்டான்."

தர்க்கம் பேசலாம். தம்பியைப் பறிகொடுத்தவளிடம் தர்க்கம் பேசுகிறவன் மனுஷன் இல்லை. மூன்றாவது பல்பு வாங்கினேன். இருப்பதிலேயே விலை கூடினதாகப் பார்த்து வாங்கினேன். ஷோகேஸில் வைத்தேன். அன்றைக்கு ஷீலா சாப்பிடவில்லை, உபவாசம் என்றாள். தனசேகரிடம் கொண்டுபோனபோது, புது ஹோல்டரும் போட்டு, எர்த் வொயரையும் மாற்றச் சொன்னேன். காருக்குள் அவன் கை படாத இடம் இல்லை.

அந்தப் பல்புதான் எல்லாவற்றையும்விடச் சீக்கிரம் போனது. சனிக்கிழமை ராத்திரி, மருத்துவமனை வாசலிலேயே, ஷீலா கதவைத் திறக்கும்போதே அணைந்தது. அவள் ஏறி உட்கார்ந்தாள். தாம்பரம் வந்ததும், "திங்கட்கிழமை துரைராஜ் சார்கிட்ட சொல்லிடறேன்" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. அந்தப் பழைய ஜன்னலும் டி.வி.யும் என் கண் முன்னால் வந்து நின்றன.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவளை வீட்டில் இறக்கிவிட்டு, கடைசி முயற்சியாக இன்னொரு பல்பை வாங்கிக்கொண்டு நேராக சேலையூர் போனேன். தனசேகர் அணைந்த பல்பைக் கழற்றி வெயிலில் தூக்கிப் பிடித்தான். பிடித்தபடியே நின்றுவிட்டான்.

"சார், இங்க வா. இத்தப் பாரு."

கண்ணாடியின் மேல் பழுப்பாக ஒரு கொப்புளம். நீளமாக ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. யார் பார்த்தாலும் சிலுவை என்றுதான் சொல்வார்கள்.

அவன் கழித்துப்போட்ட சாமான் கிடந்த டப்பாவைக் கவிழ்த்து, முன்னால் போன இரண்டு பல்பையும் தேடி எடுத்தான். இரண்டாவதில் அதே சிலுவை, கொஞ்சம் மெலிதாக. முதலாவதில் இன்னும் மெலிதாக, ஆனால் இருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்கிறவன், பிரசங்கம் நீண்டால் வாட்சைப் பார்க்கிறவன். ஆனாலும் சிலுவையைக் கண்ணால் பார்த்துவிட்டு என்னதான் செய்வது?

தனசேகர் ஸ்பானரைக் கீழே வைத்தான். "தப்பா நினைக்காத சார். இது வொயரிங் சமாச்சாரம் இல்ல. உங்க சாமி ஏதோ சொல்லிக்கினு கீது. நான் சாமிக்கு எதிரா ஸ்பானர் தூக்க மாட்டேன். எங்க வூட்டுலயும் புள்ளகுட்டி கீது."

புது பல்பை அட்டைப்பெட்டியோடு என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டான். கூலியும் வேண்டாம் என்றான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். இவ்வளவு நாள் அவள் சொன்னதைக் கேட்காமல் போனேனே, அந்தத் தண்ணி லாரி மட்டும் ஒரு கை அளவு இந்தப் பக்கம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க நினைக்க வேர்த்தது. வேலையாவது மண்ணாவது. உயிரோடு இருந்தால் போதும்.

ஷீலா ஹாலில் நியூஸ்பேப்பர் விரித்து உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மூன்று பல்பையும் அவள் முன்னால் வைத்தேன்.

"நீ சொன்னதுதான் சரி. நாளைக்குப் போய் சொல்லிடு. பாரு, மூணுலயும் சிலுவை விழுந்திருக்கு. ஆண்டவர் பேசிட்டார்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பல்பை எடுத்துப் பார்த்தாள். இன்னொன்றையும் எடுத்துப் பார்த்தாள். முகத்தில் பயமும் இல்லை, பக்தியும் இல்லை.

"இது நான் போட்ட சிலுவைங்க."

"என்னது?"

"ஜெப எண்ணெயை விரல்ல தொட்டுப் போட்டேன். நீங்க குளிக்கப் போனப்போ. சொன்னா கிண்டல் பண்ணுவீங்கன்னு சொல்லல."

"பல்பு கண்ணாடி மேலயா? அட்டைப்பெட்டி மேல போட்டா ஆகாதா?"

"எரியப் போறது பெட்டியா? வெளிச்சம் வர்ற இடத்துலதானே போடணும்."

கண்ணாடியைத் தொடக்கூடாது என்று சொன்ன தனசேகரின் மாஸ்டர் நினைவுக்கு வந்தார். கையிலிருந்த அட்டைப்பெட்டியைத் திருப்பினேன். பக்கவாட்டில், எறும்பு சைஸில் ஒரு படம். ஒரு பல்பு, அதைத் தொடும் ஒரு கை, கையின் மேல் குறுக்கே ஒரு கோடு. எத்தனை பெட்டி வாங்கினேன், ஒருமுறையாவது இதைப் பார்த்தேனா? விரலில் இருக்கும் பிசுக்குப் பட்டாலே அந்த இடம் மட்டும் அதிகமாகச் சூடேறிப் பல்பு கெட்டுவிடும் என்று போனில் தேடிப் படித்தேன். விரல் பிசுக்குக்கே அந்தக் கதி என்றால் ஒலிவ எண்ணெய்க்குக் கேட்பானேன்.

"முதல் தடவை லேசாத்தான் தடவினேன்" என்றாள் ஷீலா மெதுவாக. "அது போனதும், ஜெபம் பத்தலன்னு ரெண்டாவதுல நல்லா அழுத்திப் போட்டேன். மூணாவதுக்கு உபவாசம் இருந்து, ரெண்டு தடவை போட்டேன்."

நான் வெடித்துச் சிரித்தேன். அடக்க முடியவில்லை. கிழட்டு பல்பு ஏன் பிழைத்தது, புதுசு ஏன் எந்தப் பக்கம் போட்டாலும் செத்தது, விலை கூடினது ஏன் சீக்கிரம் செத்தது என்று எல்லாம் ஒரேயடியாகப் புரிந்தது. சிரித்துக்கொண்டே அவளைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப என்னை வேலைக்குப் போகாதேன்னு யாரும் சொல்லலையா?"

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"யாரும் சொல்லல, ஷீலா."

அவள் பல்பை நியூஸ்பேப்பர் மேல் வைத்தாள். கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவில்லை.

"இத்தனை நாளா அவரோட சண்டைங்க. தம்பிய எடுத்துக்கிட்டீங்க, சரி, இந்த ஒண்ணையாவது விட்டு வச்சா என்ன குறைஞ்சுடும்னு கேட்டேன். உங்களுக்குக் கண்ணு இல்லையான்னு கேட்டேன். கேக்கக் கூடாத வார்த்தை எல்லாம் கேட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். "பாவம் அவர். செய்யாத தப்புக்கு இவ்வளவு திட்டும் வாங்கிட்டுப் பேசாம இருந்திருக்கார்."

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். புது பல்புப் பெட்டியை அவள் என் பக்கம் தள்ளினாள்.

"இதை நீங்களே எடுத்துட்டுப் போங்க. நான் தொடல. கார் கதவுல போட்டுக்கறேன், அது ஒண்ணும் ஆகாதே?"

"ஆகாது. நாலு கதவுலயும் போட்டுக்க."

அவள் பீன்ஸை மறுபடியும் நறுக்க ஆரம்பித்தாள். நடுவில் கத்தியை நிறுத்தி, இதில் பாதியை எடுத்து வைத்தால் நாளைக்கு வேலைக்குக் கொண்டுபோகும் மத்தியான டப்பாவுக்கு ஆகும் இல்லையா என்று கேட்டாள்.