தறிக்குடோன் பேச்சு

படம் ஆரம்பித்து இருபது நிமிஷம் ஆகியும் கதாநாயகி அந்த மாளிகையின் தாழ்வாரத்தைத் தாண்டியபாடில்லை. கையில் விளக்கோடு நடந்தாள், நின்றாள், திரும்பிப் பார்த்தாள், மறுபடி நடந்தாள். அந்தக் காலத்து ஊமைப்படம், மெட்ராஸில் எடுத்ததாம். திருப்பூரில் ஒரு ஃபிலிம் சொசைட்டிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்யாண மண்டபத்து மாடியில் திரை கட்டிப் போட்டிருந்தார்கள். ஜமீன்தாரைக் கொன்றது யார் என்று முதலிலேயே எழுத்துப் போட்டுக் கேட்டுவிட்டு, பதில் சொல்ல அவசரமே காட்டாத படம். மயில்சாமிக்குக் கொட்டாவி வந்தது.

பக்கத்தில் கியாசுதீன் கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டு உட்கார்ந்திருந்தார். தொண்டையில் புற்று என்று நாலு மாதத்துக்கு முன்னால் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். மூச்சு கழுத்துத் துளை வழியாக, பேச்சு சட்டைப்பையிலிருக்கும் சின்ன நோட்டு வழியாக. அதிலும் ‘சரி’, ‘வேண்டாம்’ தவிர எதுவும் வருவதில்லை. பத்து நாளாக நோட்டையே வெளியில் எடுக்கவில்லை. மகள் தபஸ்ஸும்தான் மயில்சாமிக்கு ஃபோன் போட்டாள்.

“அத்தா யாருகூடவும் ஒட்டறதே இல்லீங்க மாமா. நீங்க கூப்புட்டா வருவாருங்க.”

யாருமே பேசாத படம் என்றால் அவருக்கு மனசு ஆறும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. பின்வரிசையில் உட்கார்ந்து படத்தை விட்டுவிட்டு அத்தாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாமளாபுரத்தில் ஒரே தறிக்குடோனில் எதிரெதிர்த் தறிகளில் இருபத்தாறு வருஷம் நின்றவர்கள் இருவரும். அந்த இரைச்சலில் காது எதற்கும் உதவாது. ஊர்வம்பு, முதலாளியைப் பற்றிய ஏச்சு, பொண்டாட்டியோடு போட்ட சண்டை எல்லாமே சத்தமில்லாமல் உதட்டிலேயே ஓடும். உதட்டுக்குப் ‘பா’வும் ‘மா’வும் ஒன்றுதான், அது ஒன்றுதான் குறை. தபஸ்ஸும் பிறந்த அன்று மயில்சாமி வாசலில் நின்று ‘பாப்பா’ என்று வாயசைக்க, கியாசுதீன் அதை ‘மாமா’ என்று எடுத்துக்கொண்டு, மாமனார்தான் சண்டைக்கு வந்துவிட்டார் என்று நூல் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். அப்படி ஒரு நாள் திரும்பக் கிடைக்காதா என்று மயில்சாமிக்கு ஏக்கமாக இருந்தது.

திரையில் கதாநாயகி விளக்கை முகத்தருகே தூக்கி ஏதோ சொன்னாள். ‘இம்மாளிகையில் யாரோ இருக்கிறார்கள்!’ என்று எழுத்து வந்தது. மயில்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் சொன்னது அதில்லை. ‘எண்ணெய் கையில ஊத்துதுங்க’ என்றல்லவா சொன்னாள்.

கூட்டம் பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தது. மயில்சாமிக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. பழக்க தோஷம், கியாசுதீன் பக்கம் திரும்பி, ‘பாத்தியா மாப்ள?’ என்று வாயசைத்தார்.

கியாசுதீனின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. திரை வெளிச்சத்தில் அவர் உதடு அசைந்தது.

‘நெசமாவே சுட்டிருக்குது. அவ மூஞ்சியப் பாரு.’

மயில்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. ‘இத்தன நாளா ஒரு வார்த்த பேசாம இருந்துட்டயேடா’ என்று உதட்டாலேயே கேட்டார்.

கியாசுதீன் சிரிப்பை நிறுத்தினார்.

‘ஆஸ்பத்திரில மொத வாரம் பூராப் பேசிட்டுத்தான இருந்தேன். நீ கழுத்தையே பாத்துட்டிருந்த.’

உண்மைதான். கழுத்துக் கட்டுத்துணியையும் குழாயையும் பார்த்துப் பதறிப்போய், ஆஸ்பத்திரி வாசல் கடையில் அந்த நோட்டை வாங்கி வந்து கையில் திணித்ததே மயில்சாமிதான். நண்பனின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு நாற்காலியை அவர் பக்கமாகத் திருப்பிப் போட்டு, ‘அந்த வாரம் என்ன சொன்ன? மொதல்ல இருந்து சொல்லு’ என்றார்.

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். கொலைகாரன் இவனாக இருக்கும் என்று முதலிலேயே நினைத்தேன் என்று பேசிக்கொண்டே ஆட்கள் படியிறங்கினார்கள். தபஸ்ஸும் முன்னால் வந்து நின்றாள். இரண்டு கிழவர்களும் அவளைக் கவனிக்கவில்லை. அத்தாவின் உதடுகள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன, மாமா தலையாட்டித் தலையாட்டி அழுதுகொண்டிருந்தார். அவளுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. காலியாக இருந்த நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, அவளும் அத்தாவின் வாயையே பார்க்க ஆரம்பித்தாள்.