உடைக்காத பூட்டு

மூன்றாவது வீட்டுக் கதவையும் நொல்வென் முஷ்டியால் இடித்தாள். உள்ளே மீன் சூப் கொதிக்கும் வாசனை வந்தது, ஆள் வரவில்லை.

பிரான்சின் மேற்குக் கடலோரத்து அந்த பிரெத்தோன் தீவில் அண்டை வீட்டார் நால்வர்தான் சவப்பெட்டியைச் சுமக்க வேண்டும். பெற்ற பிள்ளை தோள் கொடுப்பது குடும்பத்துக்கே அவமானம். இறந்துபோன அவள் அப்பா எவெனைச் சுமக்க வந்தவர்கள் இரண்டே பேர். அவர்களும் பழைய கடற்படைக் கிழவர்கள், அக்கரையிலிருந்து படகேறி வந்தவர்கள். நான்காவது வீடு பெரினுடையது. அந்தக் கதவை அவள் தட்டவில்லை.

கோபம் ஊர்மேல் மட்டுமல்ல, அப்பாமேலும்தான். பதினைந்து வருடம் போர்க்கப்பலில் ஒரே பீரங்கியைக் கட்டிக்கொண்டு அழுதவர். கப்பலை உடைத்து இரும்புக்கு விற்றபின், பீரங்கியைக் கரைக்காவலுக்கு இந்தத் தீவின் பாறைமேல் நிறுத்தினார்கள். இவரும் பின்னாலேயே வந்துவிட்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதில் ஜெர்மானியர் நெருங்கியபோது, பீரங்கியின் பின்வாயை மூடும் பின்பூட்டை, அது இல்லாமல் சுடவே முடியாது, உடைத்துவிடச் சொல்லி உத்தரவு வந்தது. மனிதருக்குக் கை வரவில்லை. கிரீஸ் தடவி, கித்தானில் சுற்றி, உருளைக்கிழங்குப் பாத்தியில் புதைத்தார். நம் ஆட்கள் பத்தே நாளில் திரும்பிவிடுவார்களாம்! பெற்ற மகளை ஒருநாளாவது அப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருப்பாரா?

ஜெர்மானியர் அதைத் தோண்டி எடுத்துப் பீரங்கியில் மாட்டினார்கள். இங்கிலாந்துக்குத் தப்பிப்போகப் பார்த்த பெரினின் புருஷனை, படகோடு மூழ்கடித்தது அந்தப் பீரங்கிதான்.

மாதாகோயில் மணி அடித்துவிட்டது. நொல்வென் வீட்டுக்குத் திரும்பி, பெட்டியின் முன்பக்கம் போய்க் குனிந்தாள். அவமானமாவது மண்ணாவது. கிழவர்கள் பின்பக்கம் பிடித்தார்கள். இன்னும் ஒரு தோள் வேண்டும்.

வாசலில் பெரின் நின்றிருந்தாள்.

"தள்ளு. இந்தப் பக்கம் நான் பிடிக்கறேன்."

"உங்க மன்னிப்பு ஒண்ணும் எங்களுக்கு வேண்டாம், பெரினக்கா."

"யாருடி மன்னிச்சா? என் வீட்டுக்காரருக்குப் பெட்டிக்கே வழியில்ல, ஒடம்பு கெடச்சாத்தானே. உங்கப்பன் குழிக்குள்ள எறங்கறத நான் கண்ணால பாக்கணும். தூக்க ஆளில்லாம இங்கயே கெடந்தா எப்படிப் பாக்கறது?"

நொல்வென் ஒரு பக்கமாக நகர்ந்து இடம் விட்டாள். தூக்கினார்கள்.

பெரின் குள்ளம். தெருவில் இறங்கியதுமே பெட்டி அவள் பக்கம் சாய்ந்து, பாரமெல்லாம் அவள் தோளில் விழுந்தது. நொல்வென் ஓரக்கண்ணால் பார்த்தாள். பிறகு கோயில் மேடு வரை முழங்காலை மடக்கியே நடந்தாள்.